பெயர், ஊர், விருப்பம்



கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

புதிய வகுப்பு தொடங்கினால் முதல் வாரத்தில் எல்லாப் பாடசாலைகளிலும் நடப்பது ஒன்றுதான். "ஒவ்வொருத்தரா எழும்பி உங்களை அறிமுகப்படுத்துங்க" என்போம். பிள்ளை எழும்பும். பெயர் சொல்லும், ஊர் சொல்லும், உட்காரும். 35 பிள்ளைகள் இருந்தாலும் 10 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முடிந்த பிறகு யோசித்தால் ஒரு பிள்ளையைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பெரியவர்களும் அப்படித்தான். கலியாண வீட்டில் ஒரு புதிய முகத்தைக் கண்டால் "எந்த ஊரு? யார்ர புள்ள?" என்று கேட்போம். கிழக்கில் வயதானவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் "என்ன குடி?" என்றும் கேட்பார்கள். தாய்வழியாக வரும் குடியைத் தெரிந்துகொண்டால் பாதி உறவுமுறை பிடிபட்டுவிடும். இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாமே நாம் எங்கே பிறந்தோம், யாருக்குப் பிறந்தோம் என்பதைப் பற்றியவை. அவற்றில் நாமாகத் தெரிந்தெடுத்தது எதுவும் இல்லை.

"உனக்கு என்ன விருப்பம்?" என்ற மூன்றாவது கேள்வியை எங்கள் ஊர்களில் முறையாக, நாள் தவறாமல் கேட்ட ஓர் இடம் இருந்தது. அது ரேடியோ.

இன்றைய பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925இல். பிறகு அது ரேடியோ சிலோன் என்று பெயர் பெற்றது. 1967இல் கூட்டுத்தாபனமானது. நாடு குடியரசான 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. இங்கிருந்து போன தமிழ் ஒலிபரப்பைக் கடல் தாண்டித் தமிழ்நாட்டின் தென்கரை ஊர்களிலும் உட்கார்ந்து கேட்டார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்கள் எங்கள் வாப்பாமாரின் வயதினருக்கு வீட்டு ஆட்களின் பெயர்கள் மாதிரி.

பாடல் கேட்க விரும்பினால் ஒரு தபாலட்டை வாங்க வேண்டும். பாடல், படம், பாடியவர், கேட்பவரின் பெயர், ஊர் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி கொழும்பு 7க்கு அனுப்ப வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு நாள் பாடலுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஒரு நீண்ட பட்டியல் வாசிப்பார். திக்குவல்லையில் ஒருவர், மாத்தளையில் ஒருவர், வல்வெட்டித்துறையில் ஒருவர், பதுளைத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம், அக்கரைப்பற்றில் ஒரு குடும்பம். இவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. காணப்போவதுமில்லை. அந்த ஒரு பாடல் பிடித்திருந்ததால் ஒரே மூச்சில் இவர்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. நாங்கள் இந்த நாட்டின் வரைபடத்தைப் பாடசாலைக்கு முன்னமே ரேடியோவில்தான் படித்தோம். பண்டாரவளை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் பண்டாரவளையில் நமக்குப் பிடித்த பாடலைப் பிடித்த ஒருவர் இருக்கிறார் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் தபாலட்டையில் யாரும் தனியாகப் பெயர் எழுதுவதில்லை. வாப்பா, உம்மா, மாமி, பிள்ளைகள் என்று எல்லோர் பெயரும் இருக்கும். ஒருவர் பெயர் வந்தால் எல்லோருக்கும் சந்தோசம். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பதிவிலும் "நாங்கள்" என்று எழுதுகிறோம்.

வாப்பாவிடம் ஒரு ஒற்றைவரிக் கொப்பி இருந்தது. பெயர் வாசிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி எழுதுவார். திகதி, பாடல், அறிவிப்பாளர், தன் பெயருக்கு முன்னும் பின்னும் வந்த பெயர்கள். கடையில் கணக்கு எழுதும் அதே கவனத்தோடு இதையும் எழுதினார். பாங்கு சொன்னால் ரேடியோ வாய் மூடும், கொப்பியும் மூடப்படும். தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவார்.

பெண்களுக்கு இது அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. குமர்ப்பிள்ளையின் பெயர் ரேடியோவில் வருவதா என்று கேட்கும் காலம். குடும்பப் பட்டியலுக்குள் ஒரு பெயராக வந்தால் பரவாயில்லை, தனியாக வந்தால் ஊர் பேசும். எங்கள் மாமிக்குப் பாடல் கேட்பதோடு எழுதவும் ஆசை. முஸ்லிம் சேவையில் "மாதர் மஜ்லிஸ்" என்று ஒரு நிகழ்ச்சி. நேயர்கள் எழுதி அனுப்புவதை அதில் வாசிப்பார்கள். மாமி ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதினா. தபாலில் சேர்த்தது அவட காக்கா, அதாவது எங்கள் வாப்பா. மூத்தாப்பாவுக்கு விசயம் தெரியாது.

ஒரு நாள் மாமி எழுதியதை வாசித்தார்கள். மூத்தாப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து கடைசி வரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதிருக்கா. யார்ர புள்ளையோ?" என்றாராம். குசினிக்குள் மாமி மீன் ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறா. ஒன்றும் சொல்லவில்லை. 1993இல் மூத்தாப்பா மௌத்தாகும் வரை சொல்லவில்லை. "சொல்லியிருக்கலாமே மாமி" என்று நாங்கள் ஒரு தரம் கேட்டதற்கு அவ சொன்ன பதில் இது: "சொல்லியிருந்தா நம்மட புள்ள எண்டு புகழ்ந்திருப்பார், இல்லாட்டி ஏசியிருப்பார். தெரியாம புகழ்ந்தாரே, அது எழுத்துக்குக் கிடைச்சது."

புனைபெயர் என்றால் ஒளிந்துகொள்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் எழுத்தாளர்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மருதூர்க் கொத்தன், திக்குவல்லை கமால், ஓட்டமாவடி அறபாத், பாலமுனை பாறூக். ஊரைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் நிறையப் பேர் இருப்பார்கள். ஏ.எல். என்றால் ஆதம்லெவ்வையும் வரும், அகமதுலெவ்வையும் வரும். யூ.எல். என்றால் உதுமாலெவ்வை, எம்.எல். என்றால் மீராலெவ்வை. இப்படி ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உள்ள நாலு பேர் ஒரு கிராமத்திலேயே இருந்தால் கொழும்பில் உள்ள பத்திரிகைக்காரருக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? ஊரைச் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. "நான் இந்த ஊரில் பிறந்தேன்" என்பது முதலாவது. "இந்த ஊரிலும் இலக்கியத்தை விரும்பும் ஒருவன் இருக்கிறான்" என்பது இரண்டாவது. இரண்டாவதைச் சொல்லத்தான் முதலாவது.

ஞாயிற்றுப் பத்திரிகைகளில் வந்த பேனா நண்பர் பகுதி நினைவிருக்கிறதா? பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. அந்த நாலாவது வரியில்தான் ஆளே இருந்தார். முத்திரை சேகரித்தல், கிரிக்கெட், வானொலி கேட்டல், காமிக்ஸ் வாசித்தல். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் கல்முனையில் இருக்கும் ஒருவர் ஹட்டனில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

பெயரையும் ஊரையும் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட இடங்களையும் இந்த நாட்டில் நாங்கள் பார்த்திருக்கிறோம். சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் பார்ப்பது அந்த இரண்டையும்தான். 1983இல் கொழும்பில் தமிழ்ச் சகோதரர்களுக்கு நடந்தது பெயரைப் பார்த்து நடந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் எங்கள் ஆட்களுக்கு நடந்ததும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் பெயரையும் ஊரையும் பார்த்து நடந்தவைதான். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவிகள் கொல்லப்பட்ட அந்தக் கொடுமைக்குப் பிறகு, அதில் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்கூடப் பெயரைச் சொல்லத் தயங்கிய மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அறபு எழுத்து இருந்த புத்தகங்களை என்ன செய்வது என்று தெரியாமல் வீடுகளில் தவித்த இரவுகளும் நினைவிருக்கும்.

ஒரு மனிதரைப் பற்றி இரண்டு விசயம் மட்டும் தெரிந்தால் அவரை ஒரு கூட்டத்துக்குள் போடுவது இலேசு. மூன்றாவது ஒன்று தெரிந்துவிட்டால் அது கொஞ்சம் கஷ்டமாகிவிடும். "முஸ்லிம்" என்று மொத்தமாக ஒதுக்கலாம். "காலையில் பொங்கும் பூம்புனல் கேட்காமல் கடை திறக்காத மனிசன்" என்று தெரிந்த பிறகு ஒதுக்குவதற்கு மனம் இடறும். வெறுப்பெல்லாம் இதனால் ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. இடறினாலே பெரிய விசயம் என்கிறோம்.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் போனார்கள். எங்கள் மூத்தம்மாவும் அவர்களில் ஒருவர். வீடு போனது. ரேடியோ, கசெட்டுகள், வாப்பாவின் கொப்பி எல்லாம் போயின. உயிர் தப்பிய நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். நாளைக்கு நாலு தரம் யாராவது ஒரு பட்டியலோடு வருவார்கள். பெயர், கிராம சேவகர் பிரிவு, குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர். நாங்கள் அந்தப் பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தோம்.

ஒரு நாள் பட்டியல் எழுத வந்த தம்பி ஒருவர், எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "வேற ஏதும் தேவையா ஐயா?" என்று கேட்டார். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு சின்ன ரேடியோ" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கோபம். மௌத்தான வீட்டில் ரேடியோவா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். "செய்தி கேக்கத்தான்" என்று வாப்பா மெதுவாகச் சொன்னார். அதுவும் உண்மைதான். கடல் திரும்பவும் வருகிறது என்று நாளுக்கு நாள் புரளி கிளம்பிய நேரம் அது.

ஒரு கிழமைக்குப் பிறகு அந்தத் தம்பி பற்றரியும் போட்டு ஒரு ரேடியோ கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு ஆயுளை நீட்டட்டும். வாப்பாவிடம் கோபித்த அதே மனிதர்தான் இரவில் ரேடியோவுக்குப் பக்கத்தில் முதலாவதாக வந்து உட்காருவார். செய்தி, பாங்கு, மௌத்து அறிவித்தல். வேறொன்றும் கேட்கவில்லை. பல நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், செய்தி முடிந்து நிறுத்த மறந்திருந்த நேரம், ஒரு பழைய பாடல் வந்தது. வாப்பா நிறுத்தவில்லை. பாடல் முடிந்ததும் தானாகச் சொல்லத் தொடங்கினார். இந்தப் பாடலை எந்த வருடம் கேட்டு எழுதினார், யார் அறிவித்தார், தன் பெயருக்கு முன்னால் எந்த ஊர், பின்னால் எந்த ஊர் என்று கொப்பியில் இருந்த வரியை அப்படியே ஒப்புவித்தார். மூத்தம்மா மௌத்தான பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். உம்மா எங்களைப் பார்த்துக் கண்ணால் காட்டினா, குறுக்கே பேச வேண்டாம் என்று. இரண்டு கிழமையாக எங்கள் வாப்பா ஒரு பட்டியலில் இருக்கும் பெயராகத்தான் இருந்தார். அன்று காலை திரும்பவும் எங்கள் வாப்பாவாக இருந்தார்.

சேர்த்து வைத்த பொருட்கள் இல்லாவிட்டாலும் ரசிகன் ரசிகன்தான் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தது அந்தக் காலை.

2009இல், போர் முடிந்த கையோடு, நாங்கள் கல்வியியற் கல்லூரியில் பயிலுனர் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். பெண்கள் விடுதியில் ஓர் அறைக்குள் கிண்ணியா, அக்குறணை, மஸ்கெலியா, மட்டக்களப்பு, புத்தளம் என்று பல திசைப் பிள்ளைகள். முதல் இரவு வழக்கமான அறிமுகம்தான். பெயர், ஊர். புத்தளத்துப் பிள்ளையின் முறை வந்தபோது மட்டும் ஒரு சின்ன இடைவெளி. "இப்ப புத்தளம். உம்மா வாப்பா யாழ்ப்பாணம். நான் அங்க இருந்ததில்ல" என்றா. "எந்த ஊர்?" என்ற கேள்வி சிலருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதை அன்றுதான் பார்த்தோம். அறை அமைதியாகிவிட்டது. யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அந்த அமைதியைக் கலைத்தது மஸ்கெலியாப் பிள்ளை. "வாங்க, பாட்டுக்குப் பாட்டு விளையாடுவோம்" என்றா. அந்த விளையாட்டு ரேடியோவில் பிறந்து பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி வரை போனது உங்களுக்குத் தெரியும். எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இரண்டு சுற்று முடிவதற்குள் புத்தளத்துப் பிள்ளையை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எங்கள் யாருக்கும் தெரியாத பழைய பாடல்களெல்லாம் அவட வாயில் வந்தன. எங்கே படித்தாய் என்று கேட்டோம். முகாமில் மற்றப் பொழுதுபோக்கு இல்லை, பக்கத்துக் கொட்டில் ரேடியோ எங்கட கொட்டிலுக்கும் கேட்கும் என்றா. அதற்குப் பிறகு விடுதியில் அவவை யாரும் "யாழ்ப்பாணத்து அகதி" என்று அறிமுகப்படுத்தவில்லை. "பாட்டுக்காரி" என்றார்கள். அவ இன்று ஒரு பாடசாலையில் இசைவும் அசைவும் சொல்லிக்கொடுக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியை.

எந்த விருப்பத்தையும் இந்த நாட்டில் சும்மா சொல்லிவிட முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. கிரிக்கெட் பிடிக்கும் என்று ஒரு முஸ்லிம் சொன்னால், "பாகிஸ்தானுக்குத்தானே கைதட்டுவீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. வசீம் அக்ரமின் இடதுகைப் பந்துவீச்சைக் கடற்கரையில் செய்து பார்த்த காக்காமார் எங்கள் ஊரில் இருந்தார்கள்தான். அதே வசீம் அக்ரமைச் செய்து பார்த்த சிங்களப் பையன்களும் அம்பாறையில் இருந்திருப்பார்கள். ஒரு பந்துவீச்சைப் பிடிப்பது வேறு, ஒரு நாட்டுக்கு விசுவாசம் வேறு. 1996 மார்ச் 17 இரவு கார் பற்றரியில் ஓடிய ஒற்றைத் தொலைக்காட்சிக்கு முன்னால் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. ஏழு விக்கெட்டுகளால் வெற்றி. ஆட்டம் நடந்தது லாகூரில், அங்கே கூடியிருந்தவர்களும் இலங்கைக்குத்தான் ஆரவாரம் செய்தார்கள். எங்கள் தெருவில் அழுத பெரிய மனிதர்களை நாங்கள் கண்டோம்.

பெர்சி அபேசேகரவை உங்களுக்குத் தெரியும். 2023 ஒக்டோபரில் காலமானார். தேசியக் கொடியோடு மைதானம் மைதானமாகப் போன மனிதர். அவர் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை, ஒரு விக்கெட்டும் வீழ்த்தவில்லை. ஆனாலும் வெளிநாட்டு வீரர்களுக்குக்கூட அவரைத் தெரியும். அவரிடம் போய் "நீங்கள் யார்?" என்று கேட்டால் என்ன தொழில் செய்தார் என்பதா பதில்? "இலங்கை அணியின் ரசிகன்" என்பது ஒரு முழுமையான அறிமுகம் என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். தரம் 6இல் "என்னைப் பற்றி" எழுதச் சொன்னால் 30 கொப்பியில் ஒரே வசனம் இருக்கும்: எனது பொழுதுபோக்கு புத்தகம் வாசித்தலும் தோட்டம் செய்தலும். தோட்டமே இல்லாத பிள்ளையும் தோட்டம் செய்யும். வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது, அதனால். கடந்த சில வருடங்களாக நாங்கள் கேள்வியை மாற்றிவிட்டோம். "வீட்டில் நீ பேசத் தொடங்கினால் 'போதும், நிப்பாட்டு' என்று உம்மா சொல்வது எதைப் பற்றிப் பேசும்போது?" என்று கேட்கிறோம்.

பதில்கள் வேறு மாதிரி வந்தன. வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் பஸ் பைத்தியம். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு ஓடும் ஒவ்வொரு பஸ்ஸையும் ஹோர்ன் சத்தத்தை வைத்தே சொல்லுவான். எது எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எந்தச் சாரதி, எந்த பஸ்ஸுக்குப் புது டயர் என்பதெல்லாம் அவனிடம் இருக்கிறது. அவனுடைய வாப்பா கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார் என்பதும் அந்தப் பேச்சில்தான் வந்தது. கணிதத்தில் நேரம், தூரம், வேகம் படிப்பித்தபோது அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டோம். அன்று வகுப்புக்கு அவன்தான் ஆசிரியர்.

இன்னொரு பிள்ளை நருட்டோ படங்கள் வரைகிறவள். மசாஷி கிஷிமொட்டோ என்ற ஜப்பானியர் 1999இல் தொடங்கிய சித்திரக்கதை அது. கணிதக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க ஹினாட்டா. உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பாடசாலைக்கு வந்தா. "டீச்சர், உருவம் வரையிறது கூடாதெண்டு சொல்லுறாங்க. புள்ளைக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றா. கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

நாங்கள் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆட்கள் இல்லை. அதை அவவிடமே சொன்னோம். "ஆலிம்மாரிடம் கேளுங்க. என்ன முடிவென்றாலும் அது உங்கட வீட்டு முடிவு. ஆனா ஒன்று. கொப்பியைக் கிழிச்சிடாதீங்க. அந்தக் கதையில என்ன பிடிச்சிருக்கு என்று முதல்ல அவளிடம் கேட்டுப் பாருங்க. இன்றைக்கு இதைச் சொல்லப் பயந்தா நாளைக்குப் பெரிய விசயம் ஒன்று வந்தாலும் உங்களிட்ட சொல்ல மாட்டா." உம்மா போய்விட்டா. இரண்டு கிழமை கழித்துப் பெற்றோர் கூட்டத்தில் கண்டபோது, "கேட்டன் டீச்சர். அந்தப் புள்ளையும் இவள மாதிரி வெக்கப்படுற புள்ளையாம், கதை போகப் போக தைரியம் வருதாம்" என்றா. உருவம் வரைவது பற்றி என்ன முடிவெடுத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளை இப்போது பூவும் அலையும் கோலமுமாக வரைகிறாள். ஹினாட்டாவைப் பற்றி உம்மாவிடம் பேசுகிறாள்.

பெற்றோர் சிலர், "ரசிகராக இருப்பது வேலையில்லாதவர் வேலை" என்பார்கள். எல்லை மீறினால் அப்படித்தான், மறுக்கவில்லை. தொழுகையும் படிப்பும் தூக்கமும் கெட்டால் நாங்களும் கண்டிப்போம். ஆனால் ஒன்றிலும் விருப்பமில்லாத பிள்ளையைத்தான் நாங்கள் ஆசிரியர்களாக அதிகம் பயப்படுகிறோம். ஒன்றில் ஊன்றி விருப்பம் உள்ள பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியும், கவனிக்கத் தெரியும், சேகரிக்கத் தெரியும். வாப்பாவின் கொப்பியில் இருந்தது இவை மூன்றும்தான்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு விசயம். இன்று நீங்கள் உங்களை அறிமுகப்படுத்துவது தபாலட்டையில் அல்ல, போனில். அன்று அட்டையில் முழு முகவரி இருந்தாலும் அறிவிப்பாளர் வாசித்தது பெயரையும் ஊரையும் மட்டும். வீட்டு இலக்கம் ஒலிபரப்பாகவில்லை. இன்று உங்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவில் அப்படி ஒரு பொறுப்பான மனிதர் இல்லை. ஆகவே அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டும். போன் இலக்கம், பாடசாலைச் சீருடையோடு படம், பிறந்த திகதி, வீடு இருக்கும் ஒழுங்கை இவை எதுவும் உங்கள் விருப்பத்தைச் சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளைகள் புனைபெயர் வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். எங்கள் மாமியும் அப்படித்தான் எழுதினா. உங்களுக்கு என்ன பிடிக்கும், அது எப்போது உங்களிடம் வந்தது, யார் கொண்டுவந்து தந்தார்கள் என்று சொல்லுங்கள். அது போதும், ஆளைக் கண்டுகொள்வோம். "எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது" என்று தொடங்காதீர்கள். விரும்புவதற்குத் தகுதிச் சான்றிதழ் தேவையில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதான ஒருவர் இருப்பார். அவருடைய மருந்துப் பெயர்களெல்லாம் உங்களுக்குப் பாடம். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதும் தெரியும். அவர் எந்த நிகழ்ச்சிக்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார், எந்தப் பாடலுக்குத் தபாலட்டை போட்டார், யாருடைய ஆட்டத்துக்காகக் கொழும்புக்கு பஸ் ஏறினார் என்று தெரியுமா? இன்று மஃரிபுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். முதலில் "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்பார். கொஞ்சம் பொறுங்கள். பேசத் தொடங்கினால் குறுக்கே பேச வேண்டாம்.

அவர் சொன்னதை இங்கே எழுதுங்கள். பெயர், ஊர், விருப்பம் என்ற அந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். எங்களுடையதை முதலில் எழுதிவிடுகிறோம்: கடலோர ஊர் ஒன்றில் இருந்து வாப்பா, உம்மா, மாமி, பிள்ளைகள். விரும்பிக் கேட்பது, மற்றவர்கள் என்ன விரும்பிக் கேட்டார்கள் என்ற கதை.

வஸ்ஸலாம்.